கோப்பு டெல்லியில் இருந்த காலம்

என் அக்காவை நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம், பொறையாறில் கட்டிக்கொடுத்தபோது, வேறொரு மாநிலத்துக்குப் பெண் கொடுக்கிறோம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குரும்பகரத்தில் உலை வைத்துவிட்டுக் கிளம்பினால் சோறு வேகுவதற்குள் அவள் வீட்டுக்குப் போய்விடலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. இந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்கால். எல்லை என்பது எங்களுக்கு பெட்ரோல் விலை, சாராயக் கடைகளின் வரிசை, வண்டி நம்பரில் வரும் எழுத்து, அவ்வளவுதான்.

அக்காவுக்கும் எனக்கும் சில மாத இடைவெளியில் பெண் பிறந்தது. விடுமுறை முழுக்க ஒரே பாயில் புரண்டு வளர்ந்த பிள்ளைகள். இரண்டு பேரும் அரசுப் பள்ளியில்தான் படித்தார்கள். அக்கா வீட்டில் வேறு வசதி இல்லை. எங்கள் வீட்டில் வசதி இருந்தது. நான் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில், தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியம் என்பார்களே அதுபோன்றது, எழுத்தராக இருக்கிறேன். ஆனால் என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“நானும் அங்கதான் படிச்சேன், நீயும் அங்கதான் படிச்ச. நம்மளே நம்ம பள்ளிக்கூடத்த நம்பலேன்னா வேற எவன் நம்புவான்?” என்றார்.

அவர் விவசாயி. காவிரியின் கடைமடையில் நெல் போடுகிறவர். காரைக்காலுக்கென்று ஒரு பங்கு தண்ணீர் தீர்ப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அது கர்நாடகம் திறந்து, தமிழ்நாட்டு ஆறுகள் வழியாக வந்து, அங்கே பாய்ந்தது போக எங்கள் வாய்க்காலில் ஏற வேண்டும். “எழுத்துல இருக்கறது வேற, மடையில வர்றது வேற” என்பார். வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு அவர் சொல்லும் அந்த வார்த்தை மகளின் படிப்புக்கும் பொருந்தும் என்று அவருக்கே தெரியாது.

பெண்கள் இரண்டு பேரும் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது சின்ன ஆசை இல்லை. நெஞ்சு வலி என்று காரைக்காலில் ஆஸ்பத்திரிக்குப் போனால், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுப்பார்கள். கடற்கரைச் சாலையில் ஆம்புலன்ஸ் புதுச்சேரிக்குப் பறக்கும். வழி நெடுக தமிழ்நாடு. என் மாமனாரின் உயிர் அந்தச் சாலையில்தான் போனது. அதைப் பார்த்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவள் என் மகள்.

நீட் தேர்வை இருவரும் ஒரே நாளில் எழுதினார்கள். என் மகள் அக்கா மகளைவிடக் கூடுதலாக மதிப்பெண் வாங்கினாள். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் கூடுதல். இரண்டு பேருக்குமே பொதுப் போட்டியில் இடம் கிடைக்கிற மதிப்பெண் இல்லை. தனியாகப் பயிற்சி மையத்தில் சேர்ந்து படித்த பிள்ளைகளோடு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் போட்டி போட முடியவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தச் சமயத்தில்தான் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை விழுக்காடு ஒதுக்க ஒரு சட்டம் வந்தது. அங்கேயும் ஆளுநரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் மாநில அரசுக்கென்று அரசியல் சாசனம் கொடுத்த அதிகாரம் இருக்கிறது. அதைக் கொண்டு அவர்கள் ஆணை போட்டார்கள். பிறகு கையெழுத்தும் வந்தது. அக்கா மகளுக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது.

எங்கள் அமைச்சரவையும் அதேபோல முடிவெடுத்திருந்தது. பத்து விழுக்காடு. துணைநிலை ஆளுநர் அதற்கு உடன்படவில்லை. யூனியன் பிரதேசத்தில் அமைச்சரவை ஒன்று சொல்லி ஆளுநர் வேறொன்று சொன்னால், கோப்பு டெல்லிக்குப் போக வேண்டும். எங்களுக்கு ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் உண்டு, சட்டமன்றம் உண்டு. ஆனால் அந்தச் சட்டமன்றமே நாடாளுமன்றம் போட்ட ஒரு சட்டத்தால் பிறந்தது. மாநிலத்துக்கு இருப்பதுபோல் அதற்குத் தன் காலில் நிற்கிற பலம் இல்லை. இருபது வருஷம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவளுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

செய்தி சொல்ல அக்கா குடும்பத்தோடு வந்தாள். என் மகள் ஓடிப்போய் அக்கா மகளைக் கட்டிக்கொண்டு, “டாக்டரம்மா” என்றாள். சிரித்துப் பேசினாள். மத்தியானம் பரிமாறியதும் அவள்தான். அவர்கள் போன பிறகு கொல்லையில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். வெகுநேரமாக உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தால், தேய்த்து முடித்த குண்டானையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“போதும் வாடி” என்றேன்.

“அவளுக்குக் கெடச்சதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லதுதான். ஆனா நாங்க ரெண்டு பேரும் ஒரே கேள்வித்தாள்தானே எழுதுனோம்?”

குண்டானை அவள் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். கொல்லை வாசலில் நின்றிருந்த என் கணவர் காதிலும் அது விழுந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு வயலில் எந்த வேலையும் இல்லை.

இந்த வருஷம் இல்லாவிட்டாலும் அடுத்த வருஷத்துக்குள் கோப்பு வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். என் மகள் வீட்டிலிருந்தபடியே மறுபடி படித்தாள். தெருவில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் வரமாட்டாள். “என்னா பண்றா பொண்ணு?” என்று கேட்பார்கள் என்பதற்காக.

இரண்டாம் முறை மதிப்பெண் ஏறியது. ஆனால் அந்த வருஷம் எல்லோருக்குமே ஏறியிருந்தது. கோப்பு வரவில்லை.

தருமபுரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். கிறிஸ்தவர், என் மகள் படித்த பள்ளியில் கடைசியாக வேலை பார்த்தவர். இப்படித் தவறிப்போன பிள்ளைகளின் பெற்றோரை அவர்தான் ஒன்று திரட்டினார். நாங்கள் முதலில் காரைக்காலில் மனு கொடுத்தோம். பிறகு புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் போய் ஓர் அமைச்சரைப் பார்த்தோம். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

“அம்மா, நாங்க செய்ய வேண்டியத செஞ்சிட்டோம். அமைச்சரவையில முடிவெடுத்தாச்சு. ஒப்புதல் அங்கேருந்து வரணும். எங்க கைய முறுக்கினா நாங்க என்ன பண்றது, சொல்லுங்க” என்று டெல்லி இருக்கும் திசை எது என்று யோசிக்காமலே கையை நீட்டினார். கை கடல் பக்கம் நீண்டது.

வெளியே வந்ததும் தலைமையாசிரியர், “அப்ப அங்கயே போயிடுவோம்” என்றார்.

மற்றவர்கள் பின்வாங்கினார்கள். கடைசியில் கிளம்பியது நான்கு பேர். தலைமையாசிரியர், கோட்டுச்சேரிமேட்டு மீனவர் ஒருவர், என் கணவர், நான். அந்த மீனவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் என் மகளோடு தேர்வெழுதித் தவறியவள், இளையவள் பத்தாம் வகுப்பு. அலுவலகத்தில் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மார்கழி மாதம். நாடாளுமன்றம் கூடியிருந்தது. மருத்துவக் கல்லூரி இடங்கள் இன்னும் முழுதாக நிரம்பவில்லை. அது முடிவதற்குள் ஏதாவது நடக்காதா என்பதுதான் எங்கள் கணக்கு.

மக்களவையில் புதுச்சேரி முழுமைக்கும் ஒரே உறுப்பினர். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு குரல். அன்றன்றைக்கு யார் பேசலாம் என்பதைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். எங்கள் உறுப்பினரின் பெயர் வரவில்லை. தமிழ்நாட்டு உறுப்பினர் ஒருவர், தலைமையாசிரியரின் பழைய மாணவர் வழியாக அறிமுகமானவர், தன் பெயரிலும் எழுதிக்கொடுப்பதாகச் சொன்னார். அவர் பெயர் வந்தது. எங்கள் நான்கு பேருக்கும் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டும் வாங்கிக் கொடுத்தார். கூடவே, மறுநாள் காலை அமைச்சகத்தில் ஓர் அதிகாரியைப் பார்க்கவும் நேரம் வாங்கியிருந்தார். அந்தச் சந்திப்பைத்தான் தலைமையாசிரியர் பெரிதாக நம்பினார்.

“சபையில பேசுறது பதிவுக்கு. மறுநாளு அந்த அதிகாரிகிட்ட பேசுறதுதான் காரியத்துக்கு” என்று விடுதி அறையில் எங்களுக்கு விளக்கினார். “அங்க பேசுன உடனே பதில் வராது, தெரிஞ்சுக்குங்க. மத்தியானம் அந்த நேரத்துல உறுப்பினர்கள் அவசரமான விஷயத்த சொல்லுவாங்க. அரசாங்கம் குறிச்சுக்கும். பின்னால எழுத்துல பதில் வரும்.”

என் கணவர் தலையாட்டினார். போர்வையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரை அவரால் தாங்க முடியவில்லை.

முதல் நாள் போனபோது, நாங்கள் படியேறுவதற்குள் சபை கூச்சலில் ஒத்திவைக்கப்பட்டுவிட்டது. சீட்டு வீணானது. உறுப்பினர் மறுபடியும் எழுதிக்கொடுத்து, மறுபடியும் சீட்டு வாங்கி, ஒருவழியாக மறுநாளே வாய்ப்புக் கிடைத்தது; அதிகாரியைப் பார்ப்பதும் அதற்கு அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனது. செல்போன், பேனா, சில்லறைக் காசு, என் கைப்பை எல்லாவற்றையும் வெளியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பல இடங்களில் சோதித்தார்கள். மாடத்தில் ஒரு காவலர் கையசைத்துக் காட்டினார்: எட்டிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, கைதட்டக் கூடாது.

கீழே பச்சை விரிப்பு. பாதி இருக்கைகள் காலி. நான் டிவியில் பார்த்திருந்த இடம் இதைவிடப் பெரிதாக இருந்தது. சிலர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேசைக்கு அடியில் போன் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து, அவரவர் ஊர்க் கதையைச் சொல்லி உட்கார்ந்தார்கள். ஒரு ரயில் நிற்கவில்லை என்றார் ஒருவர். ஓர் அணை உடைந்துவிட்டது என்றார் ஒருவர். இந்தியில் பேசினார்கள், மராத்தியில் பேசினார்கள். எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். நாடு முழுக்க இப்படி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குண்டானைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்களோ என்று தோன்றியது.

எங்களுக்காக அந்தத் தமிழ்நாட்டு உறுப்பினர் எழுந்தார். தமிழில் பேசினார். முன்வரிசையில் ஒரு அமைச்சர் மொழிபெயர்ப்பு கேட்கும் கருவியைக் காதில் மாட்டினார். “காரைக்கால்” என்ற சொல் அந்தக் கூடத்தில் கேட்டதும் என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆற்றின் ஒரு கரையில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மருத்துவ இடம் கிடைக்கிறது, மறு கரையில் அதைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்றார். எங்கள் மகளைத்தான் சொன்னார். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு எடுத்த முடிவு காத்திருப்பதற்கு என்ன காரணம் என்று கேட்கத் தொடங்கினார். ஒலிபெருக்கி நின்றது. நேரம் முடிந்துவிட்டது. அவர் உதடுகள் இன்னும் கொஞ்சம் அசைந்தன. பிறகு உட்கார்ந்தார். அமைச்சர் கருவியைக் கழற்றினார். தலைமை இருக்கையில் இருந்தவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். யாரோ எழுந்து ஒரு நெடுஞ்சாலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

என் பக்கத்திலிருந்து என் கணவர் எழுந்து நின்றார்.

“ஐயா! கோப்ப அனுப்புங்கய்யா! புள்ள வருசம் போவுதுய்யா!”

வயலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆளைக் கூப்பிடுகிற குரல் அவருக்கு. அந்தக் குரலில் கத்தினார். கீழே எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். “உக்காருங்க, என்னங்க, உக்காருங்க” என்றேன். அதற்குள் நான்கைந்து பேர் பாய்ந்து வந்து அவரைத் தூக்கிவிட்டார்கள். அவர் திமிறவில்லை. இரண்டாவது முறை கத்தவும் இல்லை. ஒருவர் அவர் வாயைப் பொத்தியிருந்தார். எங்கள் மூன்று பேரையும் பின்னாலேயே வெளியே கூட்டிப் போனார்கள். நாங்கள் கதவைத் தாண்டும்போது நெடுஞ்சாலைப் பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது. மாடத்திலிருந்து வருகிற சத்தம் அவைக் குறிப்பில் ஏறாது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அவரை ஓர் அறையிலும் எங்களை இன்னோர் அறையிலும் வைத்தார்கள். யாரும் அடிக்கவில்லை; அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் கேள்விகள் தீரவில்லை. எந்தக் கட்சி, எந்த அமைப்பு, யார் சொல்லி வந்தீர்கள். தமிழ் தெரிந்த காவலர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். தேனிப் பக்கத்துக்காரர். அவர் என்னிடம், “ஏம்மா, கோப்புன்னு கத்துனாராமே, என்ன கோப்பு?” என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு, “எம் பொண்ணும் பன்னெண்டாவதுதாம்மா” என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் எழுதிக்கொண்டிருந்தவரிடம் இந்தியில் நெடுநேரம் விளக்கினார்.

சாயங்காலம் உறுப்பினர் வந்தார். அந்தச் சீட்டில், இவர்கள் எனக்கு நேரில் தெரிந்தவர்கள் என்று கையெழுத்துப் போட்டவர் அவர். அவரையும் கூப்பிட்டு விசாரித்திருந்தார்கள். முகம் கறுத்திருந்தது. அவர் பொறுப்பேற்ற பிறகு, என் கணவரை எச்சரித்து விட்டார்கள்.

“நான் பேசுனது பதிவாயிருக்குங்க” என்றார் உறுப்பினர். “அது அங்க இருக்கும். அழியாது. அதோட விட்டிருக்கலாமே நீங்க?”

என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். “மன்னிச்சிக்குங்க ஐயா. யாராச்சும் ஒருத்தர் ஒரு வார்த்த சொல்லுவாங்கன்னு பாத்தேன். சரிம்பாங்க, இல்ல முடியாதும்பாங்கன்னு. யாரும் ஒண்ணுமே சொல்லலீங்க.”

உறுப்பினர் அவர் கையைப் பிடித்து இறக்கினார். பிறகு தலைமையாசிரியரிடம் திரும்பி, அமைச்சகத்தில் அந்தச் சந்திப்பு ரத்தாகிவிட்டது என்றார்.

ரயிலில் இரண்டு இரவு. கோட்டுச்சேரிமேட்டுக்காரர் மேல் படுக்கையில் ஏறிப் படுத்தவர், சாப்பிடக்கூட இறங்கவில்லை. விஜயவாடா தாண்டியதும் ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்: “ஒங்க வூட்டுக்காரரு கோவம் நியாயந்தாங்க. ஆனா அவரு ஒங்க ஒரு புள்ளைக்காக மட்டும் வரலீங்களே. எங்களுக்காகவும்ல வந்தாரு.” எதிர் இருக்கையில் என் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

செய்தித்தாளில் ஓரமாக நாலு வரி வந்திருந்தது. நாங்கள் ஊருக்கு வருவதற்குள் அது எல்லோர் போனிலும் போயிருந்தது. சிலர் கைகொடுத்தார்கள். டீக்கடையில் சிலர், “பார்லிமெண்ட்டு வர்றாருப்பா, எந்திரிங்க” என்றார்களாம். அலுவலகத்தில் மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். “நீங்க அரசாங்க ஊழியரும்மா. பக்கத்து சீட்டுல உக்காந்திருந்ததே தப்பாப் போயிடும். இனிமே மனு, கூட்டம்னு எதுலயும் இருக்காதீங்க.” எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அது எனக்குச் செய்த உதவி.

பெற்றோர் சங்கம் என்று ஒன்றைத் தலைமையாசிரியர் பதிவு செய்ய இருந்தார். கூட்டத்துக்கு யாரும் வரவில்லை. கெட்ட பெயர் வாங்கிய கோரிக்கை என்றாகிவிட்டது என்று அவர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார். கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இது எல்லாவற்றையும்விட, நாங்கள் வந்து சேர்ந்த அன்று மகள் சொன்னதுதான் என் கணவரை முறித்தது. அவர் பையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அவள் சொம்பைக் கொடுத்துவிட்டு நின்றாள்.

“ஒங்கள யாருப்பா கத்தச் சொன்னா?”

“இல்லம்மா…”

“எனக்கு இடம் இல்லேங்கறது இந்தத் தெருவுக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு. இப்ப ஊரு ஒலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு.”

அவள் குரலை உயர்த்தவில்லை. அவர் சொம்பை வாயருகே கொண்டுபோனவர், குடிக்காமலே கீழே வைத்தார். அதற்குப் பிறகு வெகுநாள் எங்கள் வீட்டில் அவர் குரல் கேட்கவில்லை. வயலில்கூட ஆட்களைக் கூப்பிடுவதில்லை. நடந்துபோய்ப் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டு வருவார்.

அந்த வருஷத்து இடங்கள் எல்லாம் நிரம்பி முடிந்தன. மகள் காரைக்காலிலேயே நர்சிங் சேர்ந்தாள். உறுப்பினருக்கு எழுத்தில் வந்த பதிலைத் தலைமையாசிரியர் எனக்குப் போனில் அனுப்பி வைத்தார். விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்று இருந்தது. அதை வீட்டில் நான் காட்டவில்லை.

இதற்குள் புதுச்சேரியில் ஆட்சி மாறியிருந்தது. ஆளுநரும் மாறியிருந்தார். புதிய அமைச்சரவை மறுபடி அதே முடிவை எடுத்து, மறுபடி டெல்லிக்கு அனுப்பியது. இந்த முறை ஆளுநர் மாளிகையும் ஒத்துப்போனது. ஒருநாள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி போனைப் பார்த்துவிட்டு, “அக்கா, ஒப்புதல் வந்துடுச்சாம். பத்து பர்சன்ட்” என்றாள். அந்தக் கோரிக்கையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. சட்டம் மாறவில்லை, நாடாளுமன்றம் புதிதாக எதுவும் செய்யவில்லை. இத்தனை காலமும் தேவைப்பட்டது ஒரு சம்மதம்தான்.

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நேரே வயலுக்குப் போனேன். என் கணவர் வரப்பில் உட்கார்ந்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“இந்த வருசத்துலேருந்தா?”

“ஆமாங்க.”

“முன்னாடி எழுதுன புள்ளைங்க?”

“மறுபடி எழுதினா அவங்களுக்கும் உண்டாம்.”

மண்வெட்டியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் நம்பிக்கை ஏறுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. “நீ கேளு. நான் கேட்டா வேணாம்பா” என்றார்.

நான் கேட்டேன். மகள் அப்போது நர்சிங்கில் பாதியைத் தாண்டியிருந்தாள். வார்டு முடிந்து வந்து, காலைக் கழுவிவிட்டு சாப்பிட உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“வேணாம்மா.”

“ஒரு தடவ எழுதிப் பாரு. போனா போவுது.”

“போனா போவுதுன்னு ரெண்டு தடவ எழுதியாச்சு. கேளும்மா. இத அவங்க எப்ப வேணா குடுப்பாங்க, எப்ப வேணா நிறுத்துவாங்க. இன்னொருத்தரு கையெழுத்த எதிர்பாத்துக்கிட்டு என்னால இன்னும் ஒரு வருசம் ஒக்கார முடியாது. அந்தப் புஸ்தகத்தத் தொறந்தாலே எனக்கு நெஞ்சு அடைக்குது.”

திண்ணமாகச் சொன்னாள். அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா இருந்தார். அன்று அவர் சாப்பிட வரவில்லை.

கோட்டுச்சேரிமேட்டு மீனவரின் இளைய பெண் பிளஸ் டூ முடித்து அந்த ஒதுக்கீட்டில் புதுச்சேரியில் இடம் வாங்கினாள். அவள் அக்கா, என் மகளோடு தவறியவள், ஏற்கெனவே திருமணமாகிச் சீர்காழிப் பக்கம் போய்விட்டாள். மீனவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு, பை நிறைய மீனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ரயிலுக்குப் பிறகு அன்றுதான் எங்கள் படியேறினார்.

“வாங்க” என்று என் கணவர் எழுந்து நாற்காலியைப் போட்டார்.

அவர் உட்காரவில்லை. “அன்னிக்கு நான் ஒரு வார்த்த தப்பா சொல்லிட்டேன்.”

“தப்பா ஒண்ணும் சொல்லலீங்க. சரியாத்தான் சொன்னீங்க.”

“சேத்துவுடப் போறோம். நீங்களும் கூட வந்தா நல்லாருக்கும்.”

என் கணவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “அறுப்பு கெடக்குங்க. நீங்க போயிட்டு வாங்க. புள்ள நல்லாப் படிக்கட்டும்” என்று அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்தார். மீன் பையை மீனவர் என்னிடம் கொடுத்தார்.

உள்ளேயிருந்து என் மகள் வந்தாள். “நான் வர்றேன் மாமா. எனக்கு அன்னிக்கு லீவுதான்” என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், விடுதிக்கு என்னென்ன வாங்க வேண்டும், உடற்கூறியல் வகுப்பில் முதல் நாள் எப்படி இருக்கும், மயக்கம் வந்தால் வெட்கப்படாமல் வெளியே வந்துவிட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நர்சிங்கில் அவள் கற்றது.

அவர்களோடு அதிகாலை பஸ்ஸில் போனவள் பொழுது சாயும்போது திரும்பி வந்தாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். படியில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: வாளி, பாய், பெட்டி எல்லாவற்றையும் அவள்தான் மாடிக்குத் தூக்கிப் போனாளாம். வாசலில் காவலாளி, “நீங்க அக்காவாம்மா?” என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றிருக்கிறாள். அந்தப் பெண் அழுதபோது சமாதானம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

“நீ அழுதியா?” என்றேன்.

“இல்ல. திரும்பி வரும்போது பஸ்ஸுல வாந்தி வந்துச்சு. கடலூர்ல எறங்கி, மூஞ்சிய கழுவிட்டு அடுத்த பஸ் புடிச்சேன்.”

உள்ளே படுத்திருந்த அவள் அப்பா இருமினார். அவள் திரும்பிப் பார்த்தாள். கூப்பிடுவாள் என்று நினைத்தேன். தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை வார்டு முறைக்கு வெள்ளை உடுப்பைத் தேய்த்து வைக்க எழுந்து போனாள்.